எல்லோருக்கும் ஒரே படகு

பந்தயம் என்பது யார் கெட்டிக்காரர் என்று பார்ப்பதற்கு. யாரிடம் பணம் அதிகம் என்று பார்ப்பதற்குப் பந்தயம் எதற்கு? இருவரும் வங்கிப் புத்தகத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். வெயிலில் காய வேண்டியதில்லை, உப்புத் தண்ணீரில் நனைய வேண்டியதில்லை.

போன மாதம் பெத்தாங் குண்டு விளையாட்டைப் பற்றி எழுதியபோது, நம் நண்பர்கள் இரண்டு பேர் தொலைபேசியில் கூப்பிட்டு, "என்ன முசியே, ஞாயிற்றுக்கிழமையானால் படகுத்துறையில் இருக்கிறீராமே, இந்த வயதில் அது என்ன கதை?" என்று கேட்டார்கள். அந்தக் கதையைச் சொல்லிவிட்டு, அதையொட்டி என் மனத்தில் இருக்கும் ஒரு கருத்தையும் சொல்லிவிடுகிறேன். கருத்துதான் முக்கியம். கதை சின்னது.

முப்பத்து நான்கு வருடம் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன் நான். கோப்பு, பதிவேடு, வருகைப் பட்டியல் இவைதான் எனக்குத் தெரிந்த தொழில். கடலைக் கடற்கரைச் சாலையின் திண்டில் உட்கார்ந்து பார்த்ததோடு சரி. ஓய்வு பெற்ற பிறகு, மகள் வயிற்றுப் பேரன் பாய்மரப் படகு பழகப் போனான். புதுச்சேரிக்கு வடக்கே, கடற்கரைச் சாலையில் ஓரிடத்தில் ஒரு சின்னக் கூட்டம் இதை நடத்துகிறது. ஏழு சின்னப் படகுகள், ஆறு கொஞ்சம் பெரிய படகுகள். அவ்வளவுதான் அவர்களுடைய சொத்து. பேரனைக் கொண்டுபோய் விட்டு, முடியும்வரை சும்மா உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, "தாத்தா, எந்தப் படகு எப்போது கோட்டைக் கடக்கிறது என்று எழுதித் தர முடியுமா?" என்று பயிற்சியாளர் கேட்டார். எழுதச் சொன்னால் நான் மறுப்பேனா? அன்றிலிருந்து நான்தான் அங்கே பதிவேட்டுக்காரன். எட்டு வருடப் பந்தயக் கணக்கு என் கையெழுத்தில் இருக்கிறது.

இந்தப் படகுகளில் ஒரு விசேஷம் உண்டு. எல்லாம் ஒரே அச்சு. நீளம், அகலம், எடை, பாயின் அளவு, கம்பத்தின் உயரம் எல்லாம் ஒன்று. ஆங்கிலத்தில் 'ஒன் டிசைன்' என்கிறார்கள். பிரெஞ்சில் 'மோனோதீப்' என்பார்கள். எனக்குப் பிரெஞ்சுச் சொல்தான் பிடிக்கிறது. அச்சகத்து ஞாபகம் வருகிறது. ஒரே அச்சில் வார்த்த எழுத்துக்கள். எழுதுகிறவனின் திறமைதான் வேறு.

நம் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு 'திக்தே' மறந்திருக்காது. வாத்தியார் ஒரு பத்தியை நிறுத்தி நிதானமாக வாசிப்பார். எல்லோரும் எழுத வேண்டும். நோத்தேர் மகனுக்கும் அதே பத்தி, படகோட்டி மகனுக்கும் அதே பத்தி. தவறுக்கு இத்தனை மார்க் என்று கழிப்பார். வீட்டில் எத்தனை அலமாரிப் புத்தகம் இருக்கிறது என்று அந்தத் தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது என்று நான் சொல்ல மாட்டேன், ஓரளவு தெரியும்தான். ஆனாலும் எல்லோருக்கும் கேள்வி ஒன்று, அளவுகோல் ஒன்று. 'எகாலித்தே' என்ற சொல்லுக்கு எனக்கு முதலில் கிடைத்த பொருள் அந்தத் திக்தே வகுப்புதான். மோனோதீப் படகும் அதுவே.

இந்த யோசனை யாருக்கு, ஏன் வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் விஷயம் விளங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாய்மரப் பந்தயம் பெரிய சீமான்களின் விளையாட்டு. ஒருவர் வேகமான படகு கட்டுவார். அடுத்த வருடம் இன்னொருவர் அதைவிட வேகமானது கட்டுவார். முதலாமவருடைய படகு பழசாகி விலை போகாமல் கிடக்கும். அயர்லாந்தில் டப்ளின் விரிகுடாவில் தாமஸ் மிடில்டன் என்பவர் இதற்கு ஒரு முடிவு கட்ட நினைத்தார். எல்லோரும் ஒரே மாதிரிப் படகு வைத்துக்கொள்வோம் என்றார். 1887-இல் 'வாட்டர் வேக்' என்ற பதின்மூன்று அடிப் படகுகள் அப்படி வந்தன. ஒரே அச்சுப் படகுப் பந்தயத்தின் தொடக்கம் அது என்கிறார்கள். 1900-இல் அந்தப் படகின் வடிவத்தை மாற்றினார்கள். மாற்றிய வடிவில் இன்றுவரை அங்கே ஓட்டுகிறார்கள். புதிதாக வாங்கியவனும் பழையதை வைத்திருப்பவனும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம்.

பிரான்சில் இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் பிலிப் வியானே என்பவரும் அவர் மனைவி எலேனும் பிரெத்தாஞ் கரையில் உள்ள கிளெனான் தீவுகளில் ஒரு பாய்மரப் பள்ளி தொடங்கினார்கள். ஜெர்மன் ஆக்கிரமிப்பை எதிர்த்துப் போராடிய இளைஞர்கள் வந்து இளைப்பாற ஓரிடமாக 1947-இல் தொடங்கியது அது. அந்தப் பள்ளிக்காக ழான்-ழாக் எர்புலோ 1951-இல் ஒரு படகு வரைந்தார். வளைவு வேலை அதிகம் இல்லாமல், ஒட்டுப்பலகையை வெட்டிச் சேர்த்துக் கட்டக்கூடிய படகு. 'வோரியேன்' என்று பெயர். ஒன்றுக்கும் உதவாதவன், போக்கிரி என்று பொருள்! இரண்டு சைக்கிள் விலையில் ஒரு படகு என்று சொல்லி விற்றார்கள். முப்பதாயிரத்துக்கு மேல் கட்டப்பட்டது. சம்பளக்காரன் வீட்டுப் பிள்ளையும் கடலில் பாய் விரிக்கலாம் என்று ஆனது அந்தப் போக்கிரியால்தான்.

எங்கள் கூட்டத்தில் உள்ள ஏழு சின்னப் படகுகளுக்கு 'ஆப்டிமிஸ்ட்' என்று பெயர். 1947-இல் அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்ற படகு கட்டுகிறவர் வரைந்தது. பிள்ளைகள் மரப்பெட்டியில் சக்கரம் பூட்டிச் சரிவில் ஓட்டுவார்களே, அதுபோலத் தண்ணீரில் ஓட்ட ஒன்று, ஐம்பது டாலருக்குள் வேண்டும் என்று அந்த ஊரார் கேட்டார்கள். கடையில் கிடைக்கும் எட்டுக்கு நாலு ஒட்டுப்பலகைக்குள் அடங்க வேண்டும் என்பதால்தான் அதன் மூக்கு வெட்டிவிட்டாற்போல் தட்டையாக இருக்கிறது. சுமார் ஏழே முக்கால் அடி நீளம், உடல் எடை 35 கிலோ. பதினைந்து வயது வரை ஓட்டலாம்.

பெரிய படகுகள் ஆறும் 'லேசர்' வகை. கனடாக்காரரான புரூஸ் கெர்பி 1969-இல் தொலைபேசியில் பேசிக்கொண்டே கிறுக்கிய படம் அது. 1971-இல் விற்பனைக்கு வந்தது. உலகம் முழுக்க இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. உரிமத் தகராறு ஒன்றின் காரணமாக 2019 முதல் 'இல்கா' என்று பெயர் மாறிவிட்டது. எங்கள் பையன்கள் இரண்டு பெயரையும் சொல்கிறார்கள். உடல் 4.23 மீட்டர் நீளம், சுமார் 59 கிலோ. இதில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. உடலை மாற்றாமல், கம்பத்தின் கீழ்ப்பகுதியையும் பாயையும் மட்டும் மாற்றினால் மூன்று அளவு கிடைக்கும்: 4.7, 5.76, 7.06 சதுர மீட்டர். ஒல்லியான பதினான்கு வயதுப் பெண் 4.7 பாயில் ஓட்டுவாள். எண்பது கிலோ ஆள் அதே உடலில் பெரிய பாயைப் போட்டு ஓட்டுவார். ஒரு படகு, ஒரு வீட்டில் அண்ணன் சட்டை தம்பிக்கு வருவதுபோல், பத்து வருடத்துக்கு மூன்று வயதுக்காரர்களுக்கு உதவும்.

பந்தயம் எப்படி நடக்கும் என்பதையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஐந்து நிமிடத்துக்கு முன் ஒரு கொடி, நான்கு நிமிடத்துக்கு முன் இன்னொன்று, ஒரு நிமிடம் இருக்கும்போது அதை இறக்குவது, பிறகு தொடக்கம். நான் இருக்கும் படகுக்கும் ஒரு மிதவைக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத கோடு. கொடி இறங்கும் நொடியில் அந்தக் கோட்டில் முழு வேகத்தில் இருக்க வேண்டும். முன்னால் தாண்டிவிட்டால் திரும்பி வர வேண்டும். முதல் மிதவை எப்போதும் காற்று வரும் திசையில் இருக்கும். காற்றுக்கு நேர் எதிராக எந்தப் பாய்மரமும் போகாது. இடமும் வலமுமாகச் சாய்ந்து சாய்ந்து, ஏறக்குறைய நாற்பத்தைந்து பாகைக் கோணத்தில் பாயை மாற்றி மாற்றித்தான் ஏற வேண்டும். எந்தப் பக்கம் முதலில் போவது, எப்போது திரும்புவது என்பதில்தான் மூளை.

எழுத்தரான எனக்கு மிகவும் பிடித்தது மதிப்பெண் முறை. முதலில் வந்தால் 1, இரண்டாவதாக வந்தால் 2, ஏழாவதாக வந்தால் 7. கடைசியில் குறைந்த கூட்டுத்தொகை வைத்திருப்பவர் வெற்றி. பல பந்தயம் ஓட்டினால் ஒவ்வொருவருக்கும் மிக மோசமான ஒன்றைக் கழித்துவிடுவது வழக்கம். ஒரு நாள் சோதனை என்றால் அதற்காக ஒருவனைத் தலைமுழுகிவிடக் கூடாது என்ற நியாயம் அதில் இருக்கிறது. நம் சேவை விதிகளில் இப்படி ஒன்று இருந்திருந்தால் எத்தனை பேருக்குப் பதவி உயர்வு கிடைத்திருக்கும்!

இன்னொன்று. இங்கே விசில் ஊதும் நடுவர் கிடையாது. வலப்பக்கம் காற்று வாங்கி வரும் படகுக்கு, இடப்பக்கம் காற்று வாங்கும் படகு வழிவிட வேண்டும். வழிவிடாமல் இடைஞ்சல் செய்தால், செய்தவனே ஒதுங்கிப் போய் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டுத் தொடர வேண்டும். மிதவையை உரசினால் ஒரு சுற்று. யாரும் பார்க்கவில்லை என்றாலும் சுற்ற வேண்டும். பதினொரு வயதுப் பெண் ஒருத்தி, பக்கத்தில் ஒரு படகும் இல்லாத இடத்தில், மிதவையைத் துடுப்பளவு உரசிவிட்டுத் தானாக ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டாம் இடத்திலிருந்து ஐந்தாம் இடத்துக்குப் போனதை நான் தொலைநோக்கியில் பார்த்திருக்கிறேன். நான் பார்த்தது அவளுக்குத் தெரியாது.

இனி கருத்துக்கு வருகிறேன்.

சில மாதங்களுக்கு முன் எங்கள் கூட்டத்தில் பெற்றோர் சிலர் ஒரு யோசனை வைத்தார்கள். பொதுப் படகுகள் பழசாகிவிட்டன. கிடைத்த விலைக்குத் தள்ளிவிடலாம். வசதி உள்ளவர்கள் தங்கள் பிள்ளைக்குத் தாங்களே படகு வாங்கட்டும், அவரவருக்குப் பிடித்த வகையில். வெவ்வேறு வகைப் படகுகள் ஓடினால், ஒவ்வொரு வகைக்கும் ஓர் எண் வைத்து, ஓடிய நேரத்தை அந்த எண்ணால் சரிக்கட்டி வெற்றியைக் கணக்கிடலாம்.

அவர்கள் கெட்டவர்கள் அல்ல. அவர்கள் சொன்னதில் உண்மையும் இருக்கிறது. பழைய படகின் உடல் சில இடங்களில் கட்டை விரலால் அழுத்தினால் அமுங்குகிறது. தேசியப் போட்டிக்குப் போகும் பிள்ளை நைந்த பாயில் பழகினால் அங்கே போய்த் திணறும். எல்லாவற்றுக்கும் மேலாக, "பொதுச் சொத்தை யார் சார் கவனிக்கிறார்கள்? சொந்தப் படகு என்றால்தான் கழுவுவான்" என்று ஒருவர் சொன்னார். அரசு ஜீப்புகள் இருந்த இருப்பைப் பார்த்தவன் நான். அதை எப்படி மறுப்பேன்?

ஆனாலும் அந்த யோசனை தவறு என்பது என் கருத்து. மூன்று காரணம் சொல்கிறேன்.

முதலாவது, நேரத்தைச் சரிக்கட்டும் கணக்கு. கணக்கு எனக்குப் பிடிக்கும். ஆனால் கரையில் நிற்கும் தாயார் தன் மகன் எத்தனையாவது வந்தான் என்று தெரிந்துகொள்ள ஒரு கணக்குப்பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றால் அது என்ன பந்தயம்? முதலில் கோட்டைக் கடந்தவன் அரை மணி கழித்து நாலாவது ஆகிறான். ஒரே அச்சில் முதலில் வந்தவன்தான் முதல். அதற்கு மேல் மேல்முறையீடு கிடையாது.

இரண்டாவது, 'உயர்ந்த போட்டிக்குச் சொந்தப் படகு வேண்டும்' என்பது. ஒலிம்பிக்கில் இந்த லேசர் வகைக்கு வீரர் தன் படகைக் கொண்டு வருவதில்லை. போட்டி நடத்துகிறவர்களே எல்லோருக்கும் புதுப் படகு தருகிறார்கள். 2021-இல் டோக்கியோவுக்கு இந்தியாவிலிருந்து நான்கு பேர் பாய்மரத்துக்குப் போனார்கள். நேத்ரா குமணன், விஷ்ணு சரவணன், வருண் தக்கர், கே.சி. கணபதி. நால்வரும் தமிழ்நாட்டோடு தொடர்புள்ளவர்கள். அவர்களில் நேத்ராவும் விஷ்ணுவும் லேசர்காரர்கள்; 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்கும் இருவரும் போனார்கள். கொடுத்த படகை வாங்கி, அதில் ஏறி, உலகத்தோடு ஓட்டிவிட்டு வந்தார்கள். உச்சியில் இருக்கும் போட்டியே பொதுப் படகில் நடக்கும்போது, நம் உப்பங்கழிப் போட்டிக்கு மட்டும் தனிப் படகு எதற்கு? எந்தப் படகு கையில் வந்தாலும் அரை மணியில் அதைப் பழக்கிக்கொள்ளும் பிள்ளைக்குத்தான் அங்கே லாபம்.

மூன்றாவதுதான் பெரியது. எங்கள் கூட்டத்தில் பக்கத்துக் குப்பத்துப் பிள்ளைகள் நான்கு பேர் இருக்கிறார்கள். அதில் ஒருவனுடைய தாத்தா பாய் கட்டிய கட்டுமரத்தில் கடலுக்குப் போனவர். ஒருநாள் பேரனைத் தேடி வந்தவர், கரையில் கிடந்த ஆப்டிமிஸ்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"என்ன அண்ணே, படகு எப்படி?" என்றேன்.

"படகு கெடக்குது ஐயா. பாயி நல்லா வெட்டியிருக்கான். ஆனா இன்னைக்குப் பசங்கள எடப்பக்கம் போவச் சொல்லாதீங்க. ரெண்டு மணிக்கு மேல காத்து தெக்க சாயும்."

இரண்டேகாலுக்குக் காற்று தெற்கே சாய்ந்தது. வலப்பக்கம் போனது அவர் பேரன் மட்டும்தான். அன்று அவன் கணக்கில் 1 என்று எழுதினேன்.

யோசித்துப் பாருங்கள். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்குப் பெயர் வைத்தவர்கள் நம் கடற்கரை மக்கள். பாய்மரம் அவர்கள் சொத்து. இயந்திரம் வந்தது, பாய் இறங்கியது. அது தவறில்லை. கடலில் உயிரைப் பிடித்துக்கொண்டு போகிறவனிடம், எங்களுக்கு அழகாக இருக்கிறது, பாயிலேயே போ என்று சொல்ல நமக்கு உரிமை கிடையாது. தெற்கே தொண்டிப் பக்கம் மீனவர்கள் பாய்மரப் படகுப் போட்டி நடத்திப் பழக்கத்தை விடாமல் வைத்திருக்கிறார்கள். நம் பக்கத்தில் பாய் என்பது இப்போது விளையாட்டாக மட்டும் திரும்பி வந்திருக்கிறது. வந்த விளையாட்டிலும் அவர்கள் பிள்ளைகளுக்கு இடமில்லை என்றால் அது பெரிய அநியாயம். புது லேசர் ஒன்றின் விலை சில லட்சங்கள். படகு அவரவர் பொறுப்பு என்று ஆன மறுநாள் அந்த நான்கு பிள்ளைகளும் வர மாட்டார்கள். யாரும் அவர்களை வெளியே போகச் சொல்ல வேண்டியதில்லை, வராமலே நின்றுவிடுவார்கள். அதற்குப் பிறகு ஜெயிக்கிறவன் யாரை ஜெயித்தான் என்று சொல்வது?

பொதுப் படகு இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சான்று வேண்டுமானால், கடலே இல்லாத ஊர்களைப் பாருங்கள். 2023-இல் சீனாவில் ஹாங்ஜோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில் பெண்களுக்கான இல்கா 4 போட்டியில் வெள்ளி வென்ற நேகா தாக்கூர் மத்தியப் பிரதேசத்துத் தேவாஸ் மாவட்டத்து விவசாயி மகள். போபால் ஏரிக்கரையில் உள்ள தேசியப் பாய்மரப் பள்ளியில் படித்தவர். ஐதராபாத்தில் உசேன் சாகர் ஏரியில் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து தேசியப் பந்தயங்களுக்கு அனுப்புகிறார்கள். ஏரித் தண்ணீரில் முடிவது நம் கடலில் முடியாதா?

சரி, 'பொதுச் சொத்தை யார் கவனிப்பது' என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. அதற்குப் பதில் சொல்லாமல் சமத்துவம் பேசினால் அது வெறும் பேச்சு. இங்கேதான் எழுத்தர் புத்தி உதவியது.

பெரிய படகு ஆறு, ஓட்டுகிறவர்கள் ஆறு பேர். ஆறு பந்தயம். ஒவ்வொரு பந்தயத்துக்கும் படகை மாற்ற வேண்டும். ஆறு முடிந்தால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு படகிலும் ஒருமுறை ஓட்டியிருப்பார்கள். நல்ல படகும் நோஞ்சான் படகும் எல்லோருக்கும் ஒருமுறை கிடைக்கும். இதற்கு ஒரு கட்டம் போட்டுக் கொடுத்தேன். அந்தக் கட்டத்தைக் குறுக்கே கூட்டினால் ஓட்டியவரின் மதிப்பெண். நெடுக்கே கூட்டினால் படகின் மதிப்பெண்! அப்படிக் கூட்டியபோது, நாலாம் எண் படகு யார் ஓட்டினாலும் ஐந்தாவது, ஆறாவதுதான் என்று தெரிந்தது. மீன் ஏலக்கூடத்திலிருந்து தொங்கு தராசு வாங்கி வந்து ஆறையும் தூக்கி நிறுத்தோம். நாலாம் எண் மற்றவற்றைவிட ஐந்து கிலோ அதிகம். உள்ளே தண்ணீர். கம்பம் இறங்கி நிற்கும் குழியில் தண்ணீரை ஊற்றி ஒரு மணி நேரம் வைத்தோம். மட்டம் இறங்கியது. அதன் அடியில் விரிசல். கண்ணாடியிழை மேஸ்திரி ஒருவர் காயவைத்து அடைத்துக் கொடுத்தார். அதற்குப் பின் அந்தப் படகில் இரண்டு முறை முதலிடம் வந்திருக்கிறார்கள். விரிசலோடு இன்னும் ஒரு வருடம் ஓட்டியிருந்தால் காற்று நாளில் கம்பம் தளத்தைக் கிழித்துக்கொண்டு போயிருக்கும்.

அதிலிருந்து ஒவ்வொரு படகுக்கும் ஒரு நோட்டுப் புத்தகம். உடைந்தது, மாற்றியது, தேதி, யார் செய்தது. பிள்ளைகளே எழுத வேண்டும். எழுத எழுத, என்ன பார்க்க வேண்டும் என்பதும் பழகிவிடுகிறது. நான் அவர்களிடம் கற்றுக்கொண்டதையே சொல்கிறேன்:

தண்ணீரிலிருந்து ஏறியதும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். கப்பி, சுக்கான் ஆணி, கம்பக் குழி மூன்றையும் மறக்கக் கூடாது. உப்பு காய்ந்தால் மணல்போல் அரைக்கும். உடலின் அடைப்பானைத் திறந்து வைக்க வேண்டும். நம் வெயிலில் உள்ளே காற்று விரிந்து ஒட்டுகளைத் தள்ளும். பாயை மடிக்கக் கூடாது, சுருட்ட வேண்டும். நனைந்த பாயைக் காற்றில் படபடக்க விட்டு உலர்த்தக் கூடாது; துணியின் விறைப்பு போய்விடும். லேசரின் மேல்கம்பம் பெரும்பாலும் ரிவெட் துளை உள்ள இடத்தில்தான் ஒடியும். கம்பம் அலுமினியம், ரிவெட் துருப்பிடிக்காத எஃகு. இரண்டும் உப்புத் தண்ணீரில் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளை மாவாக உதிரும். ஆகவே அங்கே மாதம் ஒருமுறை உற்றுப் பார்க்க வேண்டும். ஆப்டிமிஸ்டில் மூன்று காற்றுப் பைகள். படகு கவிழ்ந்தால் மிதக்கவைப்பது அவைதான். முன்னாள் இரவு ஊதி வைத்து, காலையில் அமுங்கியிருந்தால் அந்தப் படகு அன்று இறங்கக் கூடாது. சுக்கான் பலகையின் ஓரத்தில் நகக்கண் அளவு சிதைவு இருந்தாலும் பூசி, நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளால் வழவழப்பாக்க வேண்டும். வேகம் அங்கேதான் போகிறது.

சொந்தப் படகு வைத்திருப்பவன் தன் படகை மட்டும் பார்ப்பான். எங்கள் பிள்ளைகள் அடுத்த வாரம் எந்தப் படகு தன் கைக்கு வரும் என்று தெரியாததால் ஆறையும் பார்க்கிறார்கள். நாலாம் எண்ணில் கயிறு நைந்திருந்தால் அது எல்லோருடைய கவலை. பொதுச் சொத்து கெடுவது பொதுவாக இருப்பதால் அல்ல. பதிவேடு இல்லாததாலும் முறை வைக்காததாலும்தான் என்பது என் அனுபவம். அந்த அரசு ஜீப்புகளுக்கும் ஓட்டுநர் முறைமாற்றமும் ஒழுங்கான ஏடும் இருந்திருந்தால் இன்னும் ஐந்து வருடம் ஓடியிருக்கும்.

வசதி உள்ள பெற்றோர் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்குக் கொடுக்கும் மனம் இருக்கிறது. அதைத் தனிப் படகில் போடாமல் பொதுப் படகில் போடுங்கள் என்றுதான் கேட்கிறேன். ஒரு புது உடல் வாங்கும் பணத்தில் ஆறு படகுக்கும் பாய் மாற்றலாம். ஒரே நாளில், ஒரே தையல்காரரிடம் வந்த ஆறு பாய். ஒருவனுக்கு மட்டும் மொறமொறப்பான பாய் என்ற பேச்சு வராது. தேசியப் போட்டிக்குப் போகும் பிள்ளைக்குச் சொந்தப் படகு வேண்டுமென்றால் வாங்கட்டும். ஆனால் இங்கே ஞாயிற்றுக்கிழமை ஓட்டும்போது அதுவும் கட்டத்தில் சேர வேண்டும், முறைப்படி அடுத்தவனும் அதில் ஏற வேண்டும். இதற்குச் சம்மதித்த ஒரு தகப்பனார் இருக்கிறார். அவருடைய மகன் மற்ற படகுகளில் ஓட்டத் தொடங்கிய பிறகுதான் முன்னேறினான் என்று அவரே சொல்கிறார்.

கூட்டத்தில் முடிவு இன்னும் ஆகவில்லை. விற்பதா வைத்திருப்பதா என்று வரும் ஜனவரியில் ஓட்டெடுப்பு. எனக்கு ஓட்டு கிடையாது. நான் உறுப்பினர் அல்ல, எழுதிக் கொடுப்பவன். ஆகவே இங்கே எழுதுகிறேன். இதை வாசிப்பவர்களில் சிலருடைய பேரப்பிள்ளைகள் அங்கே வருகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். வீட்டில் பேச்சு வந்தால், அந்த எட்டு வருடப் பதிவேடும் ஆறு நோட்டுப் புத்தகங்களும் என்னிடம் இருக்கின்றன, வந்து பார்க்கலாம் என்று சொல்லுங்கள். நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் ஞாயிறு காலை ஏழு மணிக்கு வாருங்கள். இந்த வாரம் இரண்டாம் எண் படகின் மேல்கம்பத்தில் ரிவெட் மாற்றுகிறோம். பிடித்துக்கொள்ள ஓர் ஆள் குறைகிறது.